படத்துக்குக் கீழே ஒரு வரி

செய்திப் படம் ஒன்றைப் பார்க்கும்போது, கீழே இருக்கும் வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படத்தை மட்டும் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு பெண் அழுகிறார். பின்னால் புகை. யாரோ ஓடுகிறார்கள். சரி, என்ன நடந்தது? வெடிவிபத்தா, போரா, கலவரமா, சினிமாப் படப்பிடிப்பா? படம் வாயே திறப்பதில்லை. விரலை எடுத்து அந்த வரியைப் படித்ததும் அதே முகம் வேறு முகமாகிவிடுகிறது. அழுகைக்குக் காரணம் கிடைக்கிறது, புகைக்கு ஊர்ப் பெயர் கிடைக்கிறது, நான் யார்மேல் கோபப்பட வேண்டும் என்பதுகூட முடிவாகிவிடுகிறது. இவ்வளவையும் செய்வது பத்துப் பன்னிரண்டு சொற்கள்.

படம், எழுத்து என்று பேச்சு எடுத்தாலே பெரும்பாலும் ஒரே புலம்பலில்தான் போய் முடிகிறது: இது காட்சியின் காலம், வாசிப்பு செத்துக்கொண்டிருக்கிறது, படம் எழுத்தை விழுங்கிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. முன்னெப்போதையும்விட அதிகமான படங்களைப் பார்க்கிறோம், உண்மைதான். ஆனால் அவற்றில் ஒன்றுகூடத் தனியாக வருவதில்லை. தலைப்போடு வருகிறது, குறிச்சொல்லோடு வருகிறது, அனுப்பியவர் சேர்த்த ஒரு வரியோடு வருகிறது. படம் எழுத்தை விழுங்கிவிடும் என்ற பயம் எனக்கு இல்லை. படத்தோடு ஒட்டியிருக்க வேண்டிய வரி கழன்றுபோவதும், அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் வேறொரு வரியை ஒட்ட முடிவதும்தான் என் கவலை. இந்தக் கவலைக்கு வயது அதிகம். கைப்பேசியோடு வந்தது இல்லை.

எகிப்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹியராகோன்போலிஸ் என்ற இடத்தில் கிடைத்த ஒரு கற்பலகை உண்டு. நார்மர் பலகை என்பார்கள். ஐயாயிரம் ஆண்டு பழையது, உயரம் இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். அதில் ஓர் அரசன் கதாயுதத்தை ஓங்கி நிற்கிறான். மண்டியிட்டிருக்கும் ஒருவனின் தலைமயிர் அவன் பிடியில். காட்சி பார்த்தவுடனே புரிந்துவிடும். ஆனால் யார் அந்த அரசன்? அதற்குப் பலகையின் உச்சிக்குப் போக வேண்டும். இரண்டு பசுத் தலைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் ஒரு கெளிறு மீன், ஒரு உளி. மீனின் ஒலி ‘நார்’, உளியின் ஒலி ‘மெர்’. சேர்த்துப் படித்தால் நார்மர். இந்தப் பலகையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். மீனும் உளியும் இங்கே படமாகத்தான் இருக்கின்றன, ஆனால் படமாக வேலை செய்யவில்லை. ஒலியாக, அதாவது எழுத்தாக வேலை செய்கின்றன. எழுத்து அப்போதுதான் பிறந்துகொண்டிருக்கிறது, பிறந்த கையோடு அது செய்யும் வேலை ஒரு படத்துக்குப் பெயர் எழுதுவது. அந்த இரண்டு குறிகளை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டால் அங்கே நிற்பது யாரோ ஒரு அரசன், யாரையோ அடிக்கிறான். மண்டியிட்டவனின் தலைக்குப் பக்கத்திலும் இரண்டு குறிகள் இருக்கின்றன. அது அவன் பெயரா, அவன் நாட்டின் பெயரா என்று அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அடி வாங்கியவனுக்கு இன்றுவரை உறுதியான பெயர் கிடைக்கவில்லை.

சிந்துவெளி முத்திரைகளில் நிலைமை இன்னும் வேதனையானது. ஒற்றைக் கொம்போடு நிற்கும் அந்த விலங்கு, அதன் முன்னால் இருக்கும் தொட்டி போன்ற பொருள், கழுத்து மடிப்பு எல்லாம் அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. மேலே ஒரு வரி எழுத்து, சராசரியாக ஐந்து குறிகள். ஐராவதம் மகாதேவன் 1977ல் அந்தக் குறிகளையெல்லாம் தொகுத்து அட்டவணையாகவே வெளியிட்டார். இன்னும் எல்லோரும் ஏற்கும்படி யாரும் படித்துக் காட்டவில்லை. கண்ணுக்குத் தெரிவதில் குறையே இல்லை. ஆனாலும் அந்த விலங்கு குலச் சின்னமா, தெய்வமா, வணிகக் குழுவின் அடையாளமா என்று நமக்குத் தெரியாது. அந்த ஐந்து குறிகள் திறந்தால் படமும் சேர்ந்து திறக்கக்கூடும்.

வரிக்கு இவ்வளவு பலம் என்றால், அதை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் மனிதர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். எகிப்திய அரசன் இரண்டாம் ராம்சேஸ், தனக்குப் பல நூற்றாண்டுகள் முன்னால் ஆண்ட அரசர்களின் சிலைகளில் தன் பெயரைச் செதுக்க வைத்தான். சில சிலைகளில் முகத்தையும் கொஞ்சம் திருத்தினார்கள்; பலவற்றுக்குப் பெயர் மாற்றமே போதுமானதாக இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவில் இதையே அரசு நடைமுறையாக்கிவிட்டார்கள். யாரையாவது கௌரவிக்க வேண்டும் என்றால் புதுச் சிலை வார்க்கும் செலவு எதற்கு? பழைய சிலை ஒன்றின் பீடத்தில் இருக்கும் பெயரை அழித்துவிட்டுப் புதியவரின் பெயரைப் பொறித்துவிடுவார்கள். டியோ கிரிசோஸ்டம் என்ற சொற்பொழிவாளர் அந்த ஊர் மக்கள் முன்னாலேயே நின்று இதை நீண்ட உரையில் கண்டித்தார். இறந்துபோனவர்களுக்கு நீங்கள் செய்யும் துரோகம் இது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். அச்சு வந்த பிறகு வேலை இன்னும் சுலபமாயிற்று. 1493ல் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் வெளியான, ஹார்ட்மன் ஷேடல் எழுதிய உலக வரலாற்று நூலில் 1,809 படங்கள். அவற்றை அச்சிடப் பயன்பட்ட மரக்கட்டைகள் 645 மட்டுமே. ஒரே நகரத்துப் படம் ஓரிடத்தில் டமாஸ்கஸ், இன்னோரிடத்தில் மாந்துவா, வேறோரிடத்தில் ஃபெராரா. தாடி வைத்த ஒரே முகம் பல அரசர்களுக்கும் அறிஞர்களுக்கும் பொது. அன்றைய வாசகர்கள் இதை மோசடியாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ‘இங்கே ஒரு பெரிய நகரம் இருந்தது’ என்று சொல்ல ஒரு நகரத்தின் படம் போதும். எந்த நகரம் என்பதை எழுத்து பார்த்துக்கொள்ளும்.

இன்றைய வாசகர் அப்படி எடுத்துக்கொள்வதில்லை, அதுதான் சிக்கல். புகைப்படம் வந்த பிறகு, படம் என்றாலே அந்த இடத்தில் அந்த நேரத்தில் நடந்தது என்று நம்பப் பழகிவிட்டோம். அதனால் ஒரு பொய்யைப் பரப்பப் போலிப் படம் தயாரிக்க வேண்டிய அவசியமே இருப்பதில்லை. வேறெங்கோ, வேறெப்போதோ எடுத்த உண்மையான படத்தின் கீழே புது ஊர்ப் பெயரும் புதுத் தேதியும் போட்டால் போதும். எங்கள் குடும்பக் குழுவில் வந்து விழும் பொய்களில் பெரும்பகுதி இந்த ரகம். படத்தில் ஒரு புள்ளிகூட மாற்றப்பட்டிருக்காது. அதைச் சுட்டிக்காட்டினால் வரும் பதிலும் ஒன்றுதான்: “படம் உண்மைதானே?” ஆமாம், படம் உண்மைதான். ரோட்ஸ் தீவில் வெண்கலமும் உண்மையான வெண்கலம்தான்.

ஒரு முகத்தின் மேல் எத்தனை வரிகளை அடுக்க முடியும் என்று பார்க்க, நான் திரும்பத் திரும்பப் போவது ஒரே ஒரு புகைப்படத்துக்கு. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில், டொரோதியா லாங் எடுத்தது. அமெரிக்க அரசின் மறுகுடியேற்ற அமைப்புக்காகக் கிராமப்புற வறுமையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார் அவர். நீங்கள் பார்த்திருப்பீர்கள்: ஒரு தாய், வலது கை கன்னத்தை லேசாகத் தொட்டபடி. நெற்றியில் கோடுகள். இரண்டு பக்கமும் குழந்தைகள் அவர் தோளில் முகம் புதைத்திருக்கிறார்கள், நமக்குத் தெரிவது அவர்களின் பின்தலை மட்டும். மடியில் ஒரு கைக்குழந்தை. அவர் நம்மைப் பார்க்கவில்லை. எங்கோ தூரத்தில் எதையோ பார்க்கிறார்.

லாங் அவர் பெயரைக் கேட்கவில்லை. பிற்பாடு 1960ல் அந்தச் சந்திப்பை நினைவுகூர்ந்தபோது அவரே அதைச் சொன்னார்: பெயரையும் கேட்கவில்லை, கதையையும் கேட்கவில்லை, வயது முப்பத்திரண்டு என்று அந்தப் பெண் சொன்னார், உணவு வாங்குவதற்காக அப்போதுதான் கார் சக்கரங்களின் டயர்களை விற்றிருந்தார். படத்தோடு போன குறிப்பு அவரை ‘வறிய பட்டாணிப் பறிப்பாளர்’ என்றும் ஏழு குழந்தைகளின் தாய் என்றும் சொன்னது. செய்தித்தாளில் படங்கள் வெளியானதும் முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது. பிறகு ‘புலம்பெயர்ந்த தாய்’ என்ற தலைப்பு ஒட்டிக்கொண்டது. உலகத்திலேயே அதிகம் அச்சான புகைப்படங்களில் ஒன்றாக அது ஆயிற்று.

அந்தப் பெண்ணின் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978ல்தான் வெளியே தெரிந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் பெயரில்லாமல் இருந்தார். செரோக்கி பழங்குடியில் பிறந்தவர். வறுமையில் வாடும் வெள்ளைக்காரத் தாயின் முகம் என்று நாடே எடுத்துக்கொண்ட முகம் அது. டயர்களை விற்ற கதை நடக்கவே இல்லை என்றார்கள் அவர் பிள்ளைகள். அந்த முகாமில் அவர்கள் வேலை செய்யவும் இல்லை. வேறு ஊருக்குப் போகும் வழியில் கார் பழுதாகி ஒதுங்கியிருந்தார்கள். அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று தாம்சன் வருத்தத்தோடு சொன்னார். அதிலிருந்து தனக்கு ஒரு காசும் வரவில்லை என்றும் சொன்னார். அரசுக்காக எடுத்த படம் என்பதால் லாங்குக்கும் அதில் உரிமைத்தொகை கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். 1983ல் தாம்சன் இறந்தார். 1998ல் அமெரிக்க அஞ்சல்துறை அந்தப் படத்தை 32 சென்ட் தபால்தலையில் போட்டது. தபால்தலையின் வாசகம், 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தை அமெரிக்கா தாண்டிப் பிழைத்தது என்ற பொருளில் இருந்தது. அவருடைய கல்லறைக் கல்லிலும் பெயருக்குக் கீழே அந்தத் தலைப்பையே செதுக்கியிருக்கிறார்கள். அமெரிக்கத் தாய்மையின் வலிமையைச் சொல்லும் ஒரு காவியம் என்ற பொருளில் கூடுதலாக ஒரு வரி.

இதில் யாரைக் குறை சொல்வது? லாங்கைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படங்களுக்குக் குறிப்பு எழுதுவதை அவ்வளவு முக்கியமாக நினைத்த புகைப்படக்காரர்கள் அந்தக் காலத்தில் குறைவு. கணவர் பால் டெய்லரோடு சேர்ந்து 1939ல் அவர் வெளியிட்ட நூலில், படத்தில் இருப்பவர்கள் பேசிய பேச்சையே படத்தோடு சேர்த்துப் போட்டார். அவ்வளவு கவனமுள்ள ஒருவர் ஒரு நாள், களைத்துப்போன நிலையில், பெயர் கேட்காமல் கிளம்பிவிட்டார். அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு நாடே புகுந்து தனக்குத் தேவையான வரிகளை எழுதிக்கொண்டது. பட்டாணிப் பறிப்பாளர், புலம்பெயர்ந்த தாய், பெருமந்தம், தாய்மை. எல்லாம் அவருக்காக மற்றவர்கள் பேசியவை. அவர் தானாகப் பேசியபோது சொன்னது வேறு.

அப்படியானால் எழுத்துதான் பெரியது, படம் அதன் வேலையாள் என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை. ஃபுளோரன்ஸ் தாம்சனைப் பற்றி நான் மேலே எழுதியதெல்லாம் சேர்ந்தாலும், அந்தக் கை கன்னத்தைத் தொட்டிருக்கும் விதத்தை உங்களுக்குக் கொடுத்துவிட முடியாது. சொல்லால் எட்ட முடியாத இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு நல்ல சாட்சி ஒரு காண்டாமிருகம்.

1515 மே மாதம் குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று கப்பலில் லிஸ்பனுக்கு வந்து இறங்கியது. ரோமானியர் காலத்துக்குப் பிறகு ஐரோப்பா அந்த விலங்கைப் பார்த்ததே இல்லை. ஊரே திரண்டது. அங்கிருந்து ஒரு கடிதமும் ஓர் அவசரக் கோட்டுப்படமும் நியூரம்பர்க்குக்குப் போயின. அதை வைத்துக்கொண்டு ஆல்பிரெக்ட் டூரர் ஒரு மரச்செதுக்குப் படம் செய்தார். விலங்கை அவர் கண்ணால் பார்க்கவில்லை, கடைசிவரை பார்க்கவும் இல்லை. அது அடுத்த ஆண்டே இன்னொரு கப்பலோடு கடலில் மூழ்கிவிட்டது. படத்தின் மேலே அவர் சேர்த்த வாசகத்தில் எல்லாம் இருக்கிறது: புள்ளி போட்ட ஆமையின் நிறம், கிட்டத்தட்ட யானையின் அளவு, குட்டையான கால்கள், உடல் முழுக்கத் தடித்த தகடுகள், யானைக்கு ஜென்மப் பகை. தகடுகள் என்று சொன்னார்கள், அவர் தகடுகளையே வரைந்துவிட்டார். போர்வீரனின் கவசம் போல ஒன்றோடொன்று பொருத்திய தகடுகள், ஆணி அடித்தது போன்ற விளிம்புகள். முதுகில், தோளுக்கு மேலே, எந்தக் காண்டாமிருகத்துக்கும் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு வேறு. வாசகத்தில் ஆண்டும் தப்பு, 1513 என்று அச்சாகியிருக்கிறது.

அந்த மடிப்புத் தோலை நேரில் ஒரு முறை பார்த்திருந்தால் போதும், ஆணிகள் வந்திருக்காது. ‘தகடு’ என்ற சொல்லுக்குள் இரும்பும் இருக்கலாம், தோலும் இருக்கலாம். சொல் இரண்டையும் சுமந்து கொண்டு போய்ச் சேர்த்தது. டூரரின் கோடு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சொல் பொதுவாக விட்டுவைக்கலாம், கோட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் தேர்ந்தெடுத்த பிறகு அந்தக் கோட்டுக்கு வந்த அதிகாரத்தைப் பாருங்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவில் காண்டாமிருகம் என்றால் டூரரின் கவச விலங்குதான். கிளாரா என்று பெயர் வைத்த ஒரு உண்மையான காண்டாமிருகம் 1741ல் வந்து ஐரோப்பாவை ஊர் ஊராகச் சுற்றிய பிறகுதான் அந்த ஆணிகள் மெல்ல மெல்லக் கழன்றன. இருநூறு ஆண்டுகளில் எத்தனையோ பேர் சரியான வருணனையை எழுத்தில் படித்திருக்க முடியும். படம் அசைந்து கொடுக்கவில்லை. அதை அசைக்க இன்னொரு படமும், கண்முன்னால் மூச்சு விடும் ஓர் உடலும் தேவைப்பட்டன.

‘ஒரு படம் ஆயிரம் சொற்களுக்குச் சமம்’ என்று இந்த இடத்தில் யாராவது சொல்வார்கள், சீனப் பழமொழி என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அது சீனப் பழமொழி இல்லை. 1920களில் பிரெட் பர்னார்ட் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் பரப்பிய வாசகம். 1927ல் போட்ட விளம்பரத்தில் மதிப்பு கூடட்டும் என்று அதைச் சீனப் பழமொழி ஆக்கினார்.

உண்மையான சீன மரபில் படத்தையும் சொல்லையும் எடைபோட்டுப் பார்க்கும் எண்ணமே பெரிதாக இல்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாவ் மெங்ஃபூ தன் நண்பர் சோவ் மீக்காக ஒரு சுருள் ஓவியம் வரைந்தார். நண்பரின் முன்னோர்கள் வாழ்ந்த நிலத்தின் இரண்டு மலைகள், நடுவே சதுப்பு நிலம், மரங்கள், சில குடிசைகள். நண்பர் அந்த நிலத்தைப் பார்த்ததே இல்லை. இதை நமக்குச் சொல்வது யார்? ஓவியத்துக்குள்ளேயே, மலைகளுக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தில், அதே தூரிகையும் அதே மையும் கொண்டு ஓவியர் எழுதிய குறிப்பு. அதைப் படிக்காமல் பார்த்தால் அழகான மலைக்காட்சி. படித்தபிறகு, தன் மூதாதையரின் மண்ணை முதன்முதலாகப் பார்க்கும் ஒருவரின் கண்ணால் நாமும் பார்க்கிறோம். பின்னால் வந்த உடைமையாளர்கள் தங்கள் முத்திரைகளையும் வரிகளையும் சேர்த்துக்கொண்டே போனார்கள். 18ஆம் நூற்றாண்டின் சியன்லோங் பேரரசர் பல இடங்களில் எழுதியிருக்கிறார். அவர் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டார் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. ஆனாலும் இந்த முறையில் எனக்குப் பிடித்தது ஒன்று: பட்டோ தாளோ கிழியாமல் அந்த வரியைப் படத்திலிருந்து பிரிக்க முடியாது. அது யார் கையெழுத்து என்றும் தெரியும்.

நம் படங்களில் வரி அவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருப்பதில்லை. பழைய பத்திரிகை அலுவலகங்களில் புகைப்படத்தின் பின்பக்கம் தட்டச்சு செய்த குறிப்பை ஒட்டி, எடுத்தவர் பெயரும் தேதியும் முத்திரை குத்தி வைப்பார்கள். பசை காய்ந்து காகிதம் உதிர்ந்தாலும் ஏதோ ஒரு தடயம் மிஞ்சும். இன்று படக்கோப்புக்குள் அந்த விவரத்தை எழுதிவைக்க வழி இருக்கிறது. ஆனால் பல செயலிகள் வழியாக அனுப்பும்போது அது உதிர்ந்துவிடுகிறது. திரையைப் படமெடுத்து அனுப்பினால் எதுவுமே மிஞ்சாது. படம் மட்டும் தனியாக உலகம் சுற்றுகிறது, போகிற வழியில் கிடைத்த வரியை மாட்டிக்கொள்கிறது.

பார்வையற்ற வாசகர்களுக்காகப் படங்களுக்கு எழுத்தில் விவரணை சேர்க்கும் வேலையைச் சில காலமாகச் செய்துவருகிறேன். திரைவாசிப்பான் அதைக் குரலில் படித்துக் காட்டும். ஒரு முதியவர் கையில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். ‘கையேந்தும் முதியவர்’ என்று விரல் தானாகத் தட்டப் போகும். கேட்கிறாரா, சாப்பிட்டு முடித்தாரா, கழுவப் போகிறாரா? படத்தில் அது இல்லை. ‘கிண்ணத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் முதியவர்’ என்பதுவரைதான் எனக்கு உரிமை. அதற்கு மேல் ஒரு சொல் வேண்டும் என்றால் படமெடுத்தவரைக் கேட்க வேண்டும், முடிந்தால் அந்த முதியவரையே கேட்க வேண்டும். இந்த வேலை செய்யத் தொடங்கிய பிறகு, மற்றவர்கள் எழுதும் படக்குறிப்புகளில் பார்த்தது எது, சேர்த்தது எது என்று கோடு போட்டுப் பிரிப்பது கண்ணுக்குப் பழகிவிட்டது. சேர்ப்பது தப்பில்லை. யார் சேர்த்தது, எதை வைத்துச் சேர்த்தது என்று தெரிய வேண்டும்.

இப்போது வரிசையே தலைகீழாகிவிட்டது. இயந்திரத்திடம் ஒரு வரி எழுதிக்கொடுத்தால் படம் வருகிறது. இதுவரை படம் முன்னால், வரி பின்னால். இனி வரிதான் முன்னால். அழும் பெண், பின்னால் புகை, ஓடும் மனிதர்கள் என்று கேட்டால் கிடைக்கும். அந்தப் படத்துக்குப் பின்னால் ஊர் இல்லை, நாள் இல்லை, பெயர் கேட்டிருக்கக்கூடிய ஆள்கூட இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு இருக்கும் ஒரே நேர்மையான சாட்சி, அதை உண்டாக்கிய அந்த வரிதான். படத்தைப் பகிர்பவர்கள் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு, அங்கே வேறொன்றை எழுதிவிடுகிறார்கள். பட விவரத்தை, யாராவது மாற்றினால் தெரிந்துவிடும்படி கோப்போடு பிணைக்கும் தரநிலைகளில் சில நிறுவனங்கள் 2021 முதல் கூட்டாக வேலை செய்கின்றன. அது பரவட்டும், நான் வரவேற்கிறேன். அதுவரை படம் அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது மூன்றே விஷயம்: எடுத்தது யார், எப்போது, கீழே இருக்கும் வரியை எழுதியது யார். முதல் இரண்டுக்குச் சிலரிடமாவது பதில் கிடைக்கிறது. மூன்றாவதைக் கேட்டால் பெரும்பாலானவர்கள், படத்தோடேயே வந்தது என்கிறார்கள்.